கரட்டைக் காப்பாற்ற முதலில் அ-பதிவேட்டைப் புரட்டுங்கள்

கேட்டிருப்பவர் சேர்வராயன் மலை அடிவாரத்தில், ஓமலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 27 வயதுத் தம்பி. ஊருக்குக் கிழக்கே ஒரு கரடு, அதாவது சிறிய பாறைக் குன்று. அதில் ஒரு பாதி வனத்துறையின் காப்புக்காடு, மறு பாதி புறம்போக்கு என்று ஊரில் சொல்கிறார்களாம். அங்கே தொழிற்பேட்டை வரப்போவதாகப் பேச்சு. இரண்டு தடவை ஜீப்பில் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மயில், முள்ளம்பன்றி, தேவாங்கு, மழை பெய்தால் ஓடுகிற ஓடை எல்லாம் அந்தக் கரட்டில்தான் இருக்கின்றன. "இதை எதிர்க்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தால் போதுமா?" என்று கேட்கிறார்.

எதிர்க்க முடியும். ஆனால் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருவது ஐந்தாவதோ ஆறாவதோ செய்ய வேண்டிய வேலை.

நான் சேலம் மாவட்டத்தில் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஜீப்பில் வருகிறவர்களில் ஒருவனாக 36 வருடம் இருந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் எப்போதும் மயிலிலிருந்து ஆரம்பிப்பார்கள். "சார், இங்கே மயில் இருக்குதுங்க" என்பார்கள். எதிரில் இருக்கிற அதிகாரி, "மயில் எங்க வீட்டு மாடியிலயும்தான் வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார். அதே ஆள் போய், "ஐயா, புல எண் இன்னது, அ-பதிவேட்டில் வகைப்பாடு ஓடைப் புறம்போக்கு, நீங்கள் அனுப்பிய முன்மொழிவில் தரிசு என்று இருக்கிறது" என்றால் அவர் பேனாவைக் கீழே வைப்பார். அ-பதிவேடு என்பது ஊரின் ஒவ்வொரு புல எண்ணும் (சர்வே நம்பர்) யாருடையது, என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கு. முப்பத்தாறு வருடத்தில் நான் பார்த்த வித்தியாசம் இதுதான். நிலத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, நிலத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் ஆபீசில் முதலில் பேசும்.

அதனால் முதல் வேலை, அந்தக் கரட்டின் எல்லாப் புல எண்களையும் எடுப்பது. அ-பதிவேட்டு விவரமும் புலப்படமும் (ஒரு புலத்தின் அளவை வரைபடம்) இப்போது அரசின் இணைய சேவையிலேயே கிடைக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடத்தையும் ஒரு முறை நேரில் பாருங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அரசு நிலமா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா) என்று ஒரு கலம் இருக்கும். கடைசியில் குறிப்பு என்று ஒரு கலம் இருக்கும். அதில்தான் உங்கள் கரட்டின் தலையெழுத்து: மேய்ச்சல், மந்தைவெளி, கல்லாங்குத்து (பாறை நிலம்), கரடு, ஓடை, வண்டிப்பாதை, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, காடு. ஊரில் இவை எல்லாவற்றுக்கும் 'புறம்போக்கு' என்று ஒரே பெயர். சட்டத்துக்கு ஒவ்வொன்றும் வேறு. தரிசைத் தூக்கி இன்னொரு துறைக்குக் கொடுப்பது சுலபம். மேய்ச்சல் என்றால் முதலில் வகைப்பாட்டை மாற்ற வேண்டும், பஞ்சாயத்தின் தீர்மானம் கேட்பார்கள். ஓடை என்றால் கை வைக்கவே யோசிப்பார்கள்.

பஞ்சாயத்துத் தீர்மானம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஆட்சேபணை இல்லை' என்ற இரண்டு சொல், குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் நடுவில் ஒரு தீர்மானமாகப் போய் ஒளிந்துகொண்டு நிறைவேறிவிடும். உங்கள் ஊரின் கடந்த இரண்டு வருடத் தீர்மானப் புத்தகத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கூடவே அந்தப் புல எண்களைக் குறிப்பிட்டு, நில மாற்றத்துக்கோ வகைப்பாடு மாற்றத்துக்கோ ஏதாவது முன்மொழிவு போயிருக்கிறதா, போயிருந்தால் கோப்பின் நகல் எங்கே என்று தாசில்தார் அலுவலகத்துக்குத் தனி மனு போடுங்கள். "தொழிற்பேட்டை வருகிறதா?" என்று கேட்காதீர்கள். "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்.

இப்போது காப்புக்காட்டுப் பாதி. அது உங்கள் கையில் இருக்கும் கெட்டியான துருப்பு. 1882-ம் வருடத்துத் தமிழ்நாடு வனச் சட்டத்தின் 16-வது பிரிவில் அரசிதழில் அறிவித்து எல்லை சொல்லப்பட்ட காடாக இருந்தால், அதில் காடு அல்லாத வேறு வேலை எதற்கும் 1980-ம் வருட வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். முதலில் கொள்கை அளவில் ஒப்புதல், நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு இறுதி ஒப்புதல் என்று இரண்டு படி. மாற்று நிலத்தில் மரம் வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். இந்தத் தலைவலி எந்தத் திட்ட அதிகாரிக்கும் பிடிக்காது. அதனால்தான் ஜீப் எப்போதும் காப்புக்காட்டின் ஓரத்தில் நின்றுவிட்டு, புறம்போக்குப் பாதியை மட்டும் அளக்கும். அரசிதழ் அறிவிப்பை வனத்துறையிடமிருந்து வாங்கி, அதில் சொன்ன எல்லை களத்தில் எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். எண் எழுதிய எல்லைக் கற்குவியல்கள் இருக்கும். சில இடத்தில் புதர் மூடியிருக்கும், சில இடத்தில் யாரோ நகர்த்தியும் இருப்பார்கள்.

புறம்போக்குப் பாதியும் அனாதை அல்ல. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம், யார் பெயரில் இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது எல்லாம் காடுதான் என்று சொன்னது. 2023-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் இதைச் சுருக்கப் பார்த்தது. அதை எதிர்த்த வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இப்போதைக்குப் பழைய அகராதிப் பொருளையே பின்பற்றுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டது. ஆகவே உங்கள் புறம்போக்கில் அடர்த்தியாக வெப்பாலை மரமும் உசில மரமும் நின்றால், "இது கல்லாங்குத்துதானே" என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது. மரங்களை எண்ணி, புல எண் வாரியாக எழுதி வையுங்கள். ஏற்காடு வட்டத்துக்குள் உள்ள மலைக் கிராமம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி என்ற இன்னொரு வாசலும் உண்டு. அடிவார ஊர்களுக்கு அது பொருந்துமா என்பதைக் கிராமப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு சொல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நம் மாநிலத்துக் கதை ஒன்று. கல் குவாரிகளுக்கான 1959-ம் வருட விதிகளில் 2021 நவம்பரில் ஒரு திருத்தம் வந்தது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது. அடிவாரத்துச் சனங்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 2022 டிசம்பரில் இன்னொரு அரசாணை வந்தது. பட்டியல் அப்படியே இருந்தது, 'காப்புக்காடு' மட்டும் காணாமல் போயிருந்தது. சேலம் மாவட்டத்தில் தேசியப் பூங்காவும் இல்லை, புலிகள் காப்பகமும் இல்லை. நமக்கு இருப்பதெல்லாம் காப்புக்காடுதான். கணக்கு உங்களுக்கே புரியும்.

இனி என் கதை. இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் பெருமையில்லை.

நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், யு.டி.ஆர். என்பார்களே, அது நடந்த காலம். 1984. எனக்கு வயது 22. சேர்வராயன் அடிவாரத்தில் ஒரு கிராமம், ஏப்ரல் மாதம். கரட்டு மேல் அளவைச் சங்கிலி இழுத்துக்கொண்டு போகிறோம். கல்லில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வெயில். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயா எங்களைக் கூப்பிட்டு, "சாமி, இந்தச் சந்துல ஊத்து இருக்குது, அதையும் எழுதிக்கோங்க" என்றது. எட்டிப் பார்த்தேன். இரண்டு பாறைக்கு நடுவில் காய்ந்த சருகு. ஆயா குனிந்து சருகை ஒதுக்கி, கையால் மண்ணைத் தோண்டியது. முழங்கை ஆழத்தில் மண் கறுத்து, ஈரமாக, மெதுவாகத் தண்ணீர் கசிந்து வந்தது. "மானம் பேஞ்சா இது ஓடையாப் போயி ஏரில விழும்" என்றது. எனக்கு அன்றைக்கு மூன்று புலம் முடிக்க வேண்டும். ஊற்றையும் அதிலிருந்து இறங்கும் ஓடையையும் உட்பிரிவு செய்தால் கூடுதலாக ஒரு நாள் ஆகும். முழுப் புலத்தையும் கல்லாங்குத்து என்று எழுதிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

பதினெட்டு வருடம் கழித்து அந்தப் புலத்தில் ஒரு கல் குவாரிக்குக் குத்தகை கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் ஓடை இருக்கிறது என்று மனு மேல் மனு போட்டார்கள். "பதிவேட்டில் ஓடை இல்லை" என்று பதில் போனது. அந்தப் பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்து. வேறு தாலுகாவிலிருந்த நான், மாற்றல் கேட்டு வந்தவன் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்தேன். சந்து இருந்த இடத்தில் வெறும் காற்று. பாறையே இல்லை, அப்புறம் சந்து எங்கே? ஏரிக்குள் டிப்பர் லாரிகள் திரும்புகிற அளவுக்கு இடம் காய்ந்து கிடந்தது.

அதனால்தான் தம்பி, உங்கள் கேள்வியில் மயிலைத் தாண்டி 'மழை பெய்தால் ஓடுகிற ஓடை' என்று வாசித்ததும் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்த ஓடை பதிவேட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யு.டி.ஆருக்கு முந்தைய பழைய புலப்படத்தை ஆவணக் காப்பகத்திலிருந்து எடுங்கள். வெள்ளைக்காரன் காலத்து அளவையில் ஓடை வரைந்திருக்க நிறைய வாய்ப்பு. அந்தக் கால ஆட்கள் எங்களைவிடப் பொறுமைசாலிகள். பழைய படத்தில் இருந்து புதியதில் விடுபட்டிருந்தால், அதைத் திருத்தச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் இப்போதே மனு போடுங்கள். திட்டம் அறிவித்த பிறகு போட்டால், திட்டத்தைத் தடுக்கப் போட்ட மனு என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

ஓடையின் படத்தை ஐப்பசி, கார்த்திகையில் தேதியோடு எடுத்து வையுங்கள். காரணம் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பருவத்தின் தரவை வைத்து எழுதுவார்கள், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவம். பங்குனியில் வந்து பார்த்தால் உங்கள் கரட்டில் ஓடை ஏது, தவளை ஏது? "நீர்நிலை எதுவும் இல்லை, குறிப்பிடத்தக்க உயிரினம் இல்லை" என்று எழுதுவது பொய்கூட அல்ல, அவர்கள் வந்த நாளில் அது உண்மைதான். சில அறிக்கைகள் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடாது. மகாராஷ்டிரத்தில் ரத்னகிரிப் பக்கம் ஒரு பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கத்துக்குத் தயாரித்த அறிக்கையில் ரஷ்யாவின் சுரங்க அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டியிருந்தது பிடிபட்டது. ஆகவே அறிக்கை கையில் கிடைத்ததும் தாவரப் பட்டியலுக்குப் போங்கள். உங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்க்காத மரம் இருந்தால் அடிக்கோடு போடுங்கள்.

குறிப்பிடத்தக்க உயிரினம் இல்லை என்பது சேர்வராயனைப் பொறுத்தவரை பெரிய அபத்தம். இந்த மலை மேற்குத் தொடர்ச்சியோடு ஒட்டாமல் தனியாக நிற்பது. அதனால் இங்கே மட்டும் வாழும் உயிர்கள் இருக்கின்றன. ஏற்காட்டின் பெயரையே கொண்ட குட்டிப் பாறைப்பல்லி இனம் ஒன்றை 2000-ல் விவரித்தார்கள். 2019-ல் இதே மலைத்தொகுதியிலிருந்து மேலும் இரண்டு இனங்கள். எல்லாம் சுண்டுவிரல் நீளம். பாறை இடுக்கும் நிழலும் இருந்தால் போதும். நீங்கள் 'வெறும் கல்லாங்குத்து' என்று சொல்கிற இடம்தான் அவற்றின் வீடு. சேர்வராயன் பெயரில் ஒரு வெர்னோனியாச் செடி இனமும் உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் 1963-லிருந்து இருக்கிறது. பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் ஒருவரை அழைத்து இரண்டு நாள் நடக்கவிட்டால் பட்டியல் தயாராகிவிடும்.

அந்தப் பட்டியலை எங்கே எழுதுவது? நிறையப் பேருக்குத் தெரியாத பதிவேடு ஒன்று இருக்கிறது. 2002-ம் வருடப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் அந்தக் குழு ஒரு காகிதத்தில் ஐந்தாறு பெயராக மட்டும் இருக்கும், பதிவேடு யாரோ எங்கேயோ அடித்துக் கொடுத்ததாக இருக்கும். பரவாயில்லை, கேட்டு வாங்கி அதில் உங்கள் கரட்டை எழுதவையுங்கள்: ஊற்று, ஓடை, பல்லி, தேவாங்கு, ஆயாமார் பறிக்கிற மூலிகை, முனியப்பன் கோயில் மரம், எல்லாமும். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தபோது, "இது அரசே அறிவித்த தலம்" என்று எடுத்துச் சொல்ல ஒரு காகிதம் தயாராக இருந்தது. காகிதம் மட்டும் போதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலூர்ச் சனங்கள் மதுரைக்குத் திரண்டு போனார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காகிதமும் கூட்டமும் ஒரே கையின் இரண்டு விரல் மாதிரி சேர்ந்து வேலை செய்த இடம் அது.

அப்புறம், வரப்போவது எவ்வளவு பெரிய தொழிற்பேட்டை என்று தெரிந்துகொள்ளுங்கள். 2006-ம் வருடச் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில் ஒரு விளிம்பு இருக்கிறது. 500 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்து, உள்ளே அந்த அறிவிக்கையின் அ, ஆ (A, B) பிரிவுத் தொழிற்சாலை எதுவும் இல்லையென்றால் தொழிற்பேட்டை என்ற வகையில் முன் அனுமதி தேவையில்லை. அனுமதி தேவையில்லை என்றால் மக்கள் கருத்துக் கேட்பும் இல்லை. அதனால் திட்டம் எப்போதும் விளிம்புக்கு உள்பக்கம் வந்து நிற்கும். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பிரித்தும் வரும். கட்டங்களைக் கூட்டிப் பாருங்கள்.

பட்டா நிலமும் சேர்கிறது என்றால் எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்கு எடுக்கும் நிலத்துக்கு 1997-ம் வருடத்து மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2013-ம் வருட மத்தியச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க ஆய்வு அதில் வராது. மாநிலச் சட்டம் செல்லும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் குறித்த நாளுக்குள் ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாக ஆட்சேபணை எழுத வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் அதை ஒரு மனுவாக எண்ணிவிடுவார்கள். 2023-ம் வருட நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் ஒரு முறை வாசித்து வையுங்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு, நீர்நிலை உள்ள நிலத்தையும் சேர்த்து, வழி செய்யும் சட்டம் அது.

கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு என்றால், அதற்கு 30 நாள் முன்னால் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழில் சுருக்கமும் கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், பஞ்சாயத்து போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். கலெக்டரோ அவர் அனுப்பும் கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்குவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், வீடியோ எடுக்கும். கோரம் கிடையாது, அதாவது பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. அதனால் புறக்கணிப்பது வீரம் போலத் தெரியும், பலன் பூஜ்யம். நான் பணியில் இருந்தபோது பாதுகாப்புக்கு என்று உட்காரவைத்து இப்படிச் சில கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். முன் வரிசையில் வேறு ஊரிலிருந்து வேனில் வந்தவர்கள், கையில் பிரியாணிப் பொட்டலத்துக்கான டோக்கனோடு, "வேலை வாய்ப்பு வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்காருவார்கள். உள்ளூர்க்காரர் மைக்கைப் பிடித்தால் கோபத்தில் இரண்டு நிமிடம் கத்துவார், மைக் கை மாறிவிடும். பதிவில் "சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரி. கத்துவதற்குப் பதில் நாலு வரி எழுதி வந்து, பக்க எண் சொல்லி, "அறிக்கையின் 112-ம் பக்கத்தில் ஓடை இல்லை என்கிறீர்கள், இதோ கார்த்திகைப் படம்" என்று வாசித்துவிட்டு எழுத்தாகவும் கொடுத்து ஒப்புகை வாங்கிய ஒரு டீச்சரம்மாவையும் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது மட்டும் பதிவில் முழுசாக ஏறியது. கூட்டம் முடிந்ததும் அங்கேயே பதிவை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை வீட்டுக்குப் போகாதீர்கள்.

கிராம சபை பற்றிக் கேட்பீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. எதிர்ப்புத் தீர்மானம் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். ஆனால் அது போட்டவுடன் திட்டம் நின்றுவிடும் என்று ஊரை நம்பவைக்காதீர்கள். தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துகளுக்கு உள்ள தனிச் சட்டம் இங்கே வராது. விதிவிலக்கு, 2006-ம் வருட வன உரிமைச் சட்டம். உங்கள் கரட்டுக் காப்புக்காட்டை மலைவாழ் மலையாளி மக்கள் மேய்ச்சலுக்கோ தேனுக்கோ கோயிலுக்கோ பயன்படுத்தி வந்தால், அவர்களின் சமூக உரிமை அங்கே வருகிறது, கிராம சபையின் வார்த்தைக்குக் கனம் கூடுகிறது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்ட வந்தபோது அதுதான் நடந்தது. 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. கேட்ட 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. பாக்சைட் மலையிலேயே இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வருடக்கணக்கில் பாக்சைட் வெட்டினார்கள். அந்த ஆலையைப் பிற்பாடு வாங்கிய வேதாந்தா குழுமம்தான் நியமகிரிக்கும் போனது. மலை உச்சியில் தொப்பி மாதிரி மூடியிருக்கும் அந்தச் செம்மண் படிவம்தான் மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஊற்றாக விடுவது. தொப்பியைக் கழற்றினால் தண்ணீர் ஒரே நாளில் இறங்கி ஓடிவிடும். சரபங்காவும் திருமணிமுத்தாறும் இந்த மலையில் பிறப்பவை என்பதை ஓமலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஊருக்குள் வரப்போகிற சண்டை. "உனக்கென்ன, எம் பையன் திருப்பூருக்கு பஸ் ஏறிப் போறான், இங்கயே கம்பெனி வந்தா என்ன?" என்று உங்கள் சித்தப்பாவே கேட்பார். அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நியாயமான கேள்வி. சேலம் உருக்காலை எத்தனை குடும்பங்களைத் தூக்கிவிட்டது என்று எனக்குத் தெரியும், என் மைத்துனர் குடும்பமே அதில் ஒன்று. ஆனால் அந்த ஆலையையே உதாரணமாகக் காட்டலாம். கஞ்சமலை இரும்புத் தாதை நம்பித்தான் முதலில் அந்த யோசனை வந்தது. கடைசியில் மலையை வெட்டாமலே, வெளியிலிருந்து எஃகு கொண்டுவந்து தகடாக்கி, 1981-ல் ஆலை ஓடத் தொடங்கியது. மலையும் இருக்கிறது, அடிவாரத்தில் சித்தர் கோயிலும் இருக்கிறது. பிற்பாடு தாது எடுக்கிற யோசனை திரும்ப வந்தபோது அடிவார ஊர்கள் எதிர்த்தன. ஆகவே சித்தப்பாவிடம் "தொழிற்சாலை வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "கரட்டில் வேண்டாம், அங்கே வை" என்று சொல்லுங்கள். அதற்கு 'அங்கே' எது என்று உங்களிடம் பதில் இருக்க வேண்டும். உருக்காலைக்கு என்று எடுத்த நிலத்திலேயே பயன்படுத்தாத பகுதி கிடக்கிறது. பழைய தொழிற்பேட்டைகளில் பூட்டிய மனைகள் இருக்கும். உங்கள் வட்டத்தில் எது எது என்று பட்டியல் போட்டு மனுவில் சேருங்கள். மாற்று இடம் சொல்லும் மனுவை நிராகரிக்க அதிகாரி காரணம் எழுத வேண்டியிருக்கும். அந்தக் காரணம் நாளைக்கு வழக்கறிஞருக்கு உதவும்.

எல்லாம் செய்தும் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குக் காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. நமக்குத் தென்மண்டல அமர்வு சென்னையில். ஊர்வலம், உண்ணாவிரதம், மந்திரியைப் பார்ப்பது என்று மூன்று மாதம் சுலபமாகப் போய்விடும். 91-வது நாள் வக்கீலிடம் போனால் அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சுற்றுச்சூழல் அமைச்சகம் இரண்டின் இணையப் பக்கத்தையும் வாரம் ஒரு முறை பார்க்க ஊரில் ஒரு பையனுக்கு வேலை கொடுங்கள். போனில் ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் ஐந்து நிமிடம்.

சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைத் திட்டம் வந்தபோது நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். 277 கிலோமீட்டர், ஜருகுமலையையும் மஞ்சவாடிக் கணவாயையும் கிழித்துக்கொண்டு போவதாக இருந்தது. வயலில் நட்ட கல்லை அழுதுகொண்டே பிடுங்கிய பெண்களை நாடே பார்த்தது. 2019 ஏப்ரல் 8-ல் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தபோது பட்டாசு வெடித்தார்கள். 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லும் என்று திருப்பியது. ஆனால் அதே தீர்ப்பில், விவசாயிகள் பெயரில் இருந்து மாற்றிய பட்டாக்களைத் திரும்பப் பழையபடி மாற்று, சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய பிறகுதான் அடுத்த அறிவிக்கை என்றும் சொன்னது. வெற்றியா தோல்வியா என்று டீக்கடையில் இரண்டு நாள் சண்டை நடந்தது. ஒரு நில அளவனாக நான் கவனித்தது பட்டாவைத் திருப்பி மாற்று என்ற வரியை. கல் பிடுங்கினால் மறுநாள் திரும்ப நடலாம். பதிவேட்டில் பெயர் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும்.

கல்லைப் பற்றிப் பேசியதால் ஒன்று: தயவுசெய்து அளவைக் கல்லைப் பிடுங்காதீர்கள். அது வழக்கு, இளவட்டங்களின் பாஸ்போர்ட்டும் வேலையும் மாட்டிக்கொள்ளும். கல்லைப் படம் எடுங்கள், அதன் இடத்தைப் போனில் குறித்து வையுங்கள். அவர்கள் எந்தப் புலத்தை அளந்தார்கள் என்பதை அந்தக் கற்களே உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். அளந்தது காப்புக்காட்டு எல்லைக்குள் ஒரு மீட்டர் வந்திருந்தாலும் அது உங்களுக்குக் கிடைத்த சாட்சி.

இந்த வாரம் செய்ய வேண்டியது: புல எண்கள், அ-பதிவேடு, புலப்படம், கிராம வரைபடம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு பக்க மனு, ஒப்புகை எண்ணோடு. ஓடையின் மேல்முனை எங்கே என்று தெரிந்த பெரியவர் யாராவது ஊரில் இருப்பார். அவரைக் காலையில் வெயில் ஏறும் முன் கரட்டுக்கு அழைத்துப் போங்கள். அவர் எந்த இடத்தில் குனிந்து சருகை ஒதுக்குகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புலப்படத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியவில்லையென்றால் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.